துன்பமும் மரணமும் தேவ சித்தமோ?



வெள்ளி விழா மேடையில் துன்பத்தைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் பேசுவது பொருத்தமோ என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயின் இத்தலைப்பை நாம் தேடிச் செல்லவில்லை. அதுவே நம்மைத் தேடி வந்தது. நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் வேலை பெற்று, குடும்பத்தின் முதல் மாதச் சம்பளக்காரனாய் விளங்கினான். இரவு வேலை முடித்து வாலாஜாபாத் சாலையில் வீடு திரும்புகையில், விளக்கின்றி நிறுத்தப்பட்டிருந்த லாரியொன்றில் அவனது இருசக்கர வாகனம் மோதிற்று. அடக்கத்துக்குச் சென்ற நம் கைகளைப் பற்றிக்கொண்டு அவன் தாய் கேட்டார்: “சார், நீங்க படிச்சவங்க. நான் ஞாயித்துக்கிழமை தவறுனதில்ல. கர்த்தர் ஏன் சார் என் புள்ளைய எடுத்துக்கினாரு?”

முப்பது ஆண்டுகளாகக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய நாவு அன்று எழவில்லை. இவ்வுரை அத்தாய்க்கு நாம் செலுத்த வேண்டிய கடனாகும்.

துக்க வீட்டில் பல விடைகள் எளிதாகக் கிடைத்தன. “எல்லாம் கர்த்தருடைய சித்தம்” என்றார் ஒருவர். “பெற்றோர் செய்த பாவம்” என்று திண்ணையில் முணுமுணுத்தார் மற்றொருவர். அன்பர்களே, இப்பேச்சு நமக்குப் புதிதன்று. சேரியில் பிறந்ததும், கிணற்றில் நீர் மறுக்கப்பட்டதும் முற்பிறவியின் வினை என்று சொல்லியே நம் முன்னோரின் வாயை அடைத்தார்கள். அதே வாதம் வேதாகமத்தைக் கையில் ஏந்தி வருமாயின், அதையும் மறுப்பதே நம் கடமை.

இயேசு பெருமானே அதை மறுத்தார். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று வினவினர். இருவருடையதும் அன்று என்று கூறி, அவர் அவனுக்குப் பார்வை அளித்தார். சீலோவாம் என்னுமிடத்தில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்ட செய்தியைக் குறிப்பிட்டு, அவர்கள் பிறரைவிடக் கொடிய பாவிகள் அல்லர் என்றும் உரைத்தார். ஆகவே மாண்டவன்மேல் பழி சுமத்துவது கிறிஸ்தவ விடை ஆகாது.

அவ்வாறாயின் துன்பம் எங்கிருந்து வருகிறது? நம் மாவட்ட வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. இன்றும் முதியோர் நாவில் வழங்கும் தாது வருடப் பஞ்சம் அதுவே. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது மதிப்பீடு. நிலமற்ற கூலிகளாகிய நம்மவரே முதலில் விழுந்தவர்கள் எனச் சொல்லவும் வேண்டுமோ?

மழை பொய்த்தது இயற்கை. ஆனால் அதே காலத்தில் இந்தியக் கோதுமை கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டேயிருந்தது. 1877 சனவரி முதல் நாள் தில்லியில் லிட்டன் பிரபு பெரும் தர்பார் விழா நடத்தினார். சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறிது காசுமே கூலி என்று குறைத்தார். அது உயிர் வாழப் போதாது என்று வாதாடியவர், மாகாணச் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ். அவ்விருவரும் ஆங்கிலேயரே, ஒரே அரசின் ஊழியரே. ஒருவர் கணக்கைப் பார்த்தார்; மற்றவர் மனிதனைப் பார்த்தார். மனிதனுக்குத் தேவன் தந்த சுதந்திரம் என்பது இதுதான். அன்பு செய்யும் உரிமையுள்ள கரத்துக்கு அன்பை மறுக்கும் ஆற்றலும் இருக்கிறது. அக்கரம் செய்த குற்றத்தைத் தேவ சித்தம் என்று எழுதிவைத்தால், குற்றவாளி தப்பிவிடுகிறான். தேவன் கூண்டில் நிற்கிறார்.

எனினும் எல்லாத் துன்பத்துக்கும் மனிதனே காரணம் என்று கூறிவிடவும் இயலாது. தொட்டிலிலேயே நோயுற்று மடியும் குழந்தைக்கு எவரைக் குற்றம் சொல்வது? இங்கே நம் அறிவு நின்றுவிடுகிறது. யோபுவின் கதையில் அவனுடைய நண்பர்கள் துன்பத்துக்குக் காரணங்களை அடுக்கினார்கள். யோபுவோ தேவனோடு வழக்காடினான். முடிவில் தேவன் கடிந்துகொண்டது நண்பர்களைத்தான். அழுது கேள்வி கேட்பது அவிசுவாசம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

லாசருவின் கல்லறைக்கு முன் இயேசு விளக்கவுரை ஆற்றவில்லை, கண்ணீர் விட்டார். பின்னர் ஊருக்கு வெளியே, சிலுவையில், தேவனால் கைவிடப்பட்டவராய்க் கதறி உயிர்விட்டார். ஊருக்கு வெளியே என்பதன் பொருள் நமக்கு நன்கு தெரியும். துன்பத்தை உயரத்திலிருந்து அனுப்பிவைக்கும் தேவனையன்று, அதற்குள் இறங்கி நம்மோடு நிற்கும் தேவனையே நாம் வணங்குகிறோம். மூன்றாம் நாள் கல்லறை வெறுமையாயிற்று என்னும் நம்பிக்கை, மரணத்துக்குக் கடைசிச் சொல் இல்லை என்னும் நம்பிக்கையாகும். நம் சங்கத்தில் திருச்சபையைச் சாராதோரும் உள்ளனர். அவர்கள் இந்நம்பிக்கையை ஏற்காவிடினும், துன்புறுவோன் பக்கம் நிற்பதே அறம் என்பதை ஏற்பார்கள்.

நிற்பதாவது யாது? செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ பாதிரியார், பரலோகத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. நிலமற்றோர்க்கு நிலம் கேட்டார். மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் நம் மக்களின் நிலையை விரிவான அறிக்கையாக எழுதினார். அவற்றின் பயனாக 1892ஆம் ஆண்டு அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் வந்தது. அந்நிலம் பிறர் கைக்குப் போனதும், அதை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் நீத்ததும் நீங்கள் அறிந்ததே. ஒருவர் பெயர் வேதாகமத்திலிருந்து வந்தது. மற்றவர் பெயர் திருப்பதி மலையிலிருந்து வந்தது. சிந்திய குருதி ஒன்றே.

அத்தாயிடம் சில வாரங்கள் கழித்துச் சென்றோம். “அம்மா, உங்கள் மகனைக் கர்த்தர் கொல்லவில்லை. விளக்கில்லாமல் லாரியை நிறுத்தியவன் செய்த பிழை அது. கர்த்தர் உங்களோடு அழுகிறார்” என்றோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அப்ப நான் அவரு மேல கோவப்பட வேணாமா சார்?” என்றார். “கோபப்படுங்கள் அம்மா, அவர் தாங்கிக்கொள்வார்” என்றோம். அதன் பின்னரே, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான விண்ணப்பத்தை அவர் கையில் கொடுத்து, நம் சங்க இளைஞர் இருவரைத் துணைக்கு அனுப்பினோம்.

இளைஞர்களே! இரவுப் பணிக்குச் செல்வோரே! தலைக்கவசம் அணியுங்கள். இருளில் நிற்கும் வண்டியைக் கண்டால் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். துக்க வீட்டுக்குச் சென்றால் விளக்கம் சொல்ல விரையாதீர்கள். முதலில் உடன் அமருங்கள். பிறகு மனு எழுதுங்கள். தேவன் ஏன் இதை அனுமதித்தார் என்ற கேள்விக்கு முழு விடை நம்மிடம் இல்லை. நாம் ஏன் இதை அனுமதித்தோம் என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு மட்டும் நம்முடையது.