மழைக்காலத்துக்கு ஒரு மேட்டுப் பாத்தி

(காரைக்கால் பகுதியில், கற்போர் கூட்டம் ஒன்றில் தொண்டர் ஒருவர் பேசியது)

 

இன்று வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசப் போகிறோம். உங்களில் பலர் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். மண்ணைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் வீட்டுக் கொல்லை ஏன் காலியாகக் கிடக்கிறது?

அடைமழை நாளில் கூலி வேலை கிடைக்காது. அந்த நேரத்தில்தான் காய்கறி விலையும் ஏறும். கையில் காசு இல்லாத நேரத்தில், கொல்லையிலும் காய் இல்லை. பல வீடுகளில் வெறும் ரசமும் ஊறுகாயும்தான்.

"விதை போட்டோம். முளைத்தது. மழையில் அழுகிப் போனது" என்று பலரும் சொல்கிறார்கள். குற்றம் விதையில் இல்லை. தண்ணீர் தேங்குவதுதான் காரணம்.

காரைக்கால் காவிரியின் கடைமடை. இங்கே பெரும்பாலும் களிமண். நெல்லுக்கு அது நல்ல மண். நெல் தண்ணீரில் நிற்கும். கத்தரியும் வெண்டையும் அப்படி நிற்காது. வேருக்குத் தண்ணீர் வேண்டும். காற்றும் வேண்டும். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் மண்ணில் உள்ள காற்று வெளியே போய்விடும். வேர் மூச்சு முட்டி அழுகும். இலை மஞ்சளாகித் தொங்கும். பார்ப்பதற்குத் தண்ணீர் இல்லாமல் வாடியது போலவே இருக்கும். நாம் இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம். செடி சீக்கிரம் சாகும்.

இதற்கு வழி என்ன? தண்ணீரை நிறுத்த முடியாது. செடியை உயர்த்தலாம்.

கொடிக்கால் பார்த்திருப்பீர்கள். ஆழமான வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை மேடாக்கி, மேட்டில்தான் வெற்றிலைக் கொடி வைப்பார்கள். அதே வேலையைச் சின்னதாக நம் கொல்லையில் செய்வோம். இதற்குப் பெயர் மேட்டுப் பாத்தி.

எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். நீளம் 6 அடி, அகலம் 3 அடி, உயரம் 1 அடி. அகலம் 3 அடிக்கு மேல் வேண்டாம். அப்போதுதான் இரண்டு பக்கமும் நின்று, நடுவரை கை எட்டும். பாத்தியில் கால் வைக்கக் கூடாது. மிதித்தால் களிமண் இறுகிவிடும்.

ஒரு நாளில் 6 மணி நேரமாவது வெயில் படும் இடமாகப் பாருங்கள். வீட்டுச் சுவரை ஒட்டிப் பாத்தி போடாதீர்கள். சுவர் ஈரம் காக்கும். 2 அடி தள்ளிப் போடுங்கள்.

முதலில் அந்த இடத்தைக் கொத்திக் கிளறுங்கள். பாத்தியைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள். அந்த மண்ணைப் பாத்தியில் போடுங்கள். வாய்க்கால் தண்ணீர் வெளியே ஓட வழி விடுங்கள். ஓரம் சரியாமல் இருக்க உடைந்த செங்கல், தென்னை மட்டை, மூங்கில் எது கிடைத்தாலும் வையுங்கள்.

பாத்தி நிறைய சுமார் 40 சட்டி வேண்டும். மண் 20 சட்டி, மக்கிய சாணி எரு 10 சட்டி, ஆற்று மணல் 10 சட்டி. பச்சைச் சாணி போடாதீர்கள். அது மக்கும்போது சூடு உண்டாகி வேர் கருகும். நன்றாக மக்கிய எரு கையில் பொலபொலவென்று உதிரும். நாற்றம் இருக்காது. கடல் மணல் வேண்டவே வேண்டாம். அதில் உப்பு இருக்கிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். மழைக்கு முன்பே செடி வேர் பிடிக்க வேண்டும். அதனால் ஆடி மாதமே தொடங்குவோம்.

பாத்தியின் ஒரு பாதியில் சிறுகீரை விதையுங்கள். கீரை விதை மிகவும் சிறியது. அதோடு மணல் கலந்து தூவினால் ஒரே இடத்தில் விழாது. மறு பாதியில் வெண்டை. ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை. வரிசைக்கு 3 குழி. ஆக 6 குழி. அதே நாளில் ஓட்டை உள்ள பழைய சட்டியில் கத்தரி விதையையும் தூவி வையுங்கள்.

25 நாளில் சிறுகீரையைப் பிடுங்கலாம். அந்த இடத்தில் கொஞ்சம் எரு போட்டுக் கொத்தி விடுங்கள். 30 முதல் 35 நாளில் கத்தரி நாற்று தயாராகிவிடும். அந்த இடத்தில் 4 நாற்று நடுங்கள். 45 நாள் ஆனதும் வெண்டை காய்க்கத் தொடங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறியுங்கள். விட்டால் முற்றிப் போகும். வெண்டை ஓயும் நேரம் கத்தரி காய்க்க வரும். அப்போது ஐப்பசி பிறந்திருக்கும்.

அடைமழையில் சிறுகீரை சாய்ந்துவிடும். ஆனால் பொன்னாங்கண்ணிக்கு ஈரம் பிடிக்கும். வாய்க்கால் ஓரத்தில் அதன் தண்டை ஒடித்து ஊன்றுங்கள். மழைக்காலத்தில் அதுதான் உங்கள் கீரை.

இப்போது நாம் கற்ற எழுத்துக்கு வேலை வருகிறது. விதைப் பையை வாங்கும் முன் படித்துப் பாருங்கள். எந்தத் தேதி வரை விதைக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். தேதி முடிந்த விதையை வாங்காதீர்கள். முளைக்கும் அளவும் நூற்றுக்கு எவ்வளவு என்று இருக்கும். வெண்டைக்கு 65 என்று இருந்தால், 100 விதையில் குறைந்தது 65 முளைக்க வேண்டும். மற்றவை முளைக்காமல் போகலாம். அதனால்தான் குழிக்கு இரண்டு விதை போடுகிறோம். இரண்டும் முளைத்தால் நல்லதை விட்டு மற்றதைப் பிடுங்கி விடுங்கள்.

பை வேறு மொழியில் இருந்தாலும் எண்களை நீங்கள் படிக்கலாம். மற்றதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். உழவர் உதவியகத்திலும் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. சில விதைகளில் சிவப்புச் சாயம் இருக்கும். அது மருந்து கலந்த விதை. தின்னக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விதைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். என்ன விதைத்தேன். எந்தத் தேதி. எப்போது பறித்தேன். அடுத்த ஆண்டு யாரையும் கேட்க வேண்டாம். உங்கள் நோட்டே சொல்லும்.

தண்ணீர் விடும் முன் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் விடாதீர்கள். வெயில் நாளில் செடியைச் சுற்றி வைக்கோல் பரப்புங்கள். ஈரம் காக்கும். ஆட்டுக்கும் கோழிக்கும் பழைய மீன் வலையைச் சுற்றிலும் கட்டுங்கள்.

வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் அது நோய். வெள்ளை ஈ அதைப் பரப்பும். அந்தச் செடி தேறாது. பிடுங்கி விடுங்கள். கத்தரியின் நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கும். நுனியைக் கிள்ளி நசுக்கி விடுங்கள். பூச்சி வந்தால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைத்து, அன்று மாலையில் தெளியுங்கள்.

ஒரு பாத்தியால் காய்கறிச் செலவு முழுவதும் நின்றுவிடாது. ஆனால் காசு இல்லாத நாளில் குழம்புக்குக் காய் இருக்கும். முதல் ஆண்டு ஒரு பாத்தி போதும். அது நிலைத்தால் அடுத்த ஆண்டு இரண்டு.

கடைசியாக அக்காமார்களுக்கு ஒன்று. 2019–21இல் நாடு முழுவதும் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்த சோகை இருந்தது. நம் வீடுகளில் சமைப்பவர் கடைசியில்தான் சாப்பிடுகிறார். அப்போது சட்டியில் சோறு இருக்கும், கீரை இருக்காது. கீரையில் இரும்புச் சத்து இருக்கிறது. அதோடு கொஞ்சம் எலுமிச்சை சேர்த்தால் உடம்பு அதை நன்றாக ஏற்கும். ரத்த சோகை இருந்தால் மருத்துவமனையில் தரும் மாத்திரையையும் விடாமல் சாப்பிடுங்கள்.

அண்ணன்மார்களே, மண் சுமக்க நீங்கள் வாருங்கள். 40 சட்டி ஒருவருக்குப் பாரம், இருவருக்கு ஒரு காலை நேர வேலை. கீரை பறித்த அன்று, அடுப்படியில் நிற்பவருக்கு ஒரு கிண்ணம் முதலிலேயே எடுத்து வையுங்கள்.