படைவீரர் மறைந்த பின் பதிவேட்டில் மனைவியின் பெயர்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் முன்னாள் படைவீரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரவு செலவுக் கணக்கு வாசித்து முடித்த பின் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். உணவு வேளை நெருங்குகிறது. ஆகவே பட்டாளத்துப் பெருமைகளை ஒதுக்கிவிட்டு, இருபத்தோர் ஆண்டுகள் இராணுவக் குமாஸ்தாவாக நான் புரட்டிய காகிதங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1965 செப்டம்பர் 10 அன்று கேம் கரண் களத்தில் வீரமரணம் எய்திய ஹவில்தார் அப்துல் ஹமீதை நாம் அனைவரும் அறிவோம். அவருக்குரிய பரம்வீர் சக்ரா விருதை 1966 குடியரசு நாளன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்களின் கரத்திலிருந்து பெற்றுக்கொண்டவர் அவருடைய துணைவியார் ரசூலன் பீவி. போரில் கணவனை இழந்த பெண்ணைத் தேசமே தேடி வந்தது. ஆனால் பணி முடித்து, ஊர் திரும்பி, சர்க்கரை நோயிலோ மாரடைப்பிலோ மரணிக்கும் சிப்பாயின் மனைவியை யாரும் தேடி வருவதில்லை. அவர்தாம் அலுவலகங்களைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

அப்படித் தேடிச் சென்ற ஒரு சகோதரியின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவருடைய உண்மைப் பெயர் வேண்டாம். ஜைனப் என்று வைத்துக்கொள்வோம். கணவர் பதினேழு ஆண்டுகள் பணியாற்றி நாயக் பதவியில் ஓய்வு பெற்றவர். அவர் மவுத்தான பின் இரண்டு மாத ஓய்வூதியம் வழக்கம்போல் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. மகன் அதை ஏ.டி.எம்.மில் எடுத்து ஜனாஸாச் செலவுக் கடனை அடைத்தான். தவறான எண்ணம் எதுவும் அவனுக்கு இல்லை. எனினும் இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்து அந்தப் பணம் அவனுடைய தந்தையின் ஓய்வூதியம் அல்ல. தாய்க்குரிய குடும்ப ஓய்வூதியம்தான் தொடங்குகிறது. எனவே எடுத்த தொகையைத் திரும்பக் கேட்டார்கள். இரண்டு அடி ஒரே சமயத்தில்!

பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. கணவரின் ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் 'ஜனாபி' என்று இருந்தது. ஆதார் அட்டையில் 'ஜைனபு பேகம்'. குடும்ப அட்டையில் 'ஜெய்னம்பு'. இளம் சிப்பாய் விடுமுறையில் வந்து நிக்காஹ் முடித்துத் திரும்பியதும் மனைவியின் பெயரை வாயால் சொல்லியிருப்பார். வடநாட்டுக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்தக் குமாஸ்தாக்களில் நானும் ஒருவன் என்பதால் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. 'இவரும் அவரும் ஒருவரே என்பதற்குச் சான்று அனுப்புக' என்று கடிதம் வந்தது. ஏழு மாதங்கள் அது பெட்டியிலேயே கிடந்தது. இத்தா முடிந்தபின் ஒருமுறை வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் புறப்பட்டவர், அன்று பௌர்ணமி என்பதை மறந்துவிட்டார். கிரிவலக் கூட்டத்தால் பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்தே போய்ச் சேர்ந்தபோது அலுவலர் வெளியே சென்றிருந்தார். அதன் பிறகு அவர் போகவே இல்லை.

முடிச்சை அவிழ்த்தது எது தெரியுமா? செங்கம் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தர்! நிக்காஹ் நடந்தது பெண் வீட்டு மஹல்லாவில் அல்லவா? நம் தஃப்தரில் தேடிப் பயனில்லை. அங்கே பழைய இமாம் உர்தூவில் மணமகள் பெயர், தந்தை பெயர், சாட்சிகள், மஹர் அனைத்தையும் அழகாக எழுதி வைத்திருந்தார். பக்கத்தின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது, பெயர் தப்பியிருந்தது. அதன் நகலையும் தமிழாக்கத்தையும் அந்த ஜமாஅத்தின் முத்திரையோடு பெற்றோம். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாயிலாக அவருடைய ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பினோம். திருத்திய ஆணை வந்தது. கணவர் இறந்த மறுநாள் முதற்கொண்டு நிலுவையும் சேர்ந்து வந்தது.

ரெக்கார்டு ஆபீஸ் என்பது எது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அது ஊரைப் பொறுத்ததன்று, படைப்பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், ஈ.எம்.ஈ. பிரிவுக்குச் செகந்திராபாத், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப் படைக்குப் புதுதில்லி. எங்கே எழுதினாலும் இராணுவ எண் வேண்டும். அந்த எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சான்று பெற்று, நல அலுவலகத்தின் மூலம் மறுநகல் கேட்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கணவரின் பணி விவரங்களைக் கேட்கவும் வழி உண்டு. காலந்தாழ்த்தக் கூடாது, ஓய்வூதியம் பெறாது விலகியவர்களின் கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவது வழக்கம்.

குடும்ப ஓய்வூதியம் என்பது பொதுவாகக் கணவரின் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. 2016 ஜனவரி முதல் அது 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அகவிலை நிவாரணம் தனி. இது தவிர, இறந்த நாள் வரை கணவருக்குச் சேர வேண்டிய பாக்கி இருக்கலாம். குழுக் காப்பீட்டுத் தொகை இருக்கலாம். கேட்காதவர்க்கு எதுவும் தானாக வராது. சிப்பாய்க்கு ஓய்வூதியம் பெறப் பொதுவாகப் பதினைந்தாண்டுப் பணி தேவை. அதற்கு முன் விலகியவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைப்பதில்லை. ஆயினும் ஹவில்தார் பதவி வரையிலானவர்களின் விதவையர், 65 வயது கடந்து வறுமையில் இருந்தால், மத்திய படைவீரர் வாரியத்தின் வறியோர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். மாதம் 4,000 ரூபாயாக இருந்த அது, 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது.

'அரசாங்கத்திடம் போய்க் கையேந்துவதா?' என்று கூச்சப்படும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஓய்வூதியம் தயவினால் தரப்படுவதன்று, உழைத்தவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் கூறிவிட்டது. 1964க்கு முன் ஓய்வு பெற்ற, மறைந்த அரசுப் பணியாளர்களின் விதவையர் குடும்ப ஓய்வூதியத் திட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அவர்களுள் சிலர் நீதிமன்றம் ஏறினர். பூனமால் என்ற பெயரில் பதிவான அவ்வழக்கில் 1985 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. 1977 செப்டம்பர் 22 முதல் அவர்களுக்கும் ஓய்வூதியம் கிடைத்தது. கூச்சப்பட்டு வீட்டில் இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது.

இனி, உயிரோடு இருக்கும் என் போன்ற முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் மாதம் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கச் செல்கிறீர்களே, அன்றே உங்கள் ஓய்வூதிய ஆணையையும் ஸ்பர்ஷ் கணக்கையும் திறந்து பாருங்கள். மனைவியின் பெயர் இருக்கிறதா? எழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்திருக்கின்றனவா? கணவன் கையொப்பமிட உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவது எளிது. அவர் மறைந்த பிறகு சான்றுக்கு மேல் சான்று கேட்பார்கள். நாற்பதாண்டு வாழ்ந்த மனைவியின் பெயரைக் கூடப் பார்க்காமல் கேண்டீன் அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்!

நிர்வாகக் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் வந்தது 2009இல்தான். அதற்கு முந்தைய நிக்காஹ்களில் பெரும்பாலானவற்றுக்கு நம் தஃப்தரே சான்று. மாடி அறையில் மூட்டையாகக் கிடக்கும் பழைய தஃப்தர்களை இவ்வாண்டே படம் பிடித்து, பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும். பந்தல் செலவில் ஒரு பகுதி போதும். இத்தாவில் இருக்கும் பெண்ணுக்காக அலையவும் ஜமாஅத் ஒருவரை நியமிக்கலாம். நான் வேறு யாரையும் கைகாட்டப் போவதில்லை.

வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா அறையில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை, ஆதார், இறப்புச் சான்று இவற்றின் நகல்களைக் கொண்டு வாருங்கள். அசலை யாரிடமும், என்னிடமும்கூட, கொடுக்க வேண்டாம். வஸ்ஸலாம்.