தட்டுவது யார் சத்தம்?

(கூடுவாஞ்சேரியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தப் பெட்டியில் பதினாறு ரப்பர் கட்டைகள். மிடி பேடு என்கிறார்கள். தட்டிப் பாருங்கள், ஒன்றும் கேட்காது. இதற்குச் சொந்தச் சத்தம் கிடையாது. எந்தக் கட்டையில், எவ்வளவு அழுத்தி அடித்தோம் என்பதை 1 முதல் 127 வரை எண்ணாக்கிக் கணினிக்குச் சொல்லும். அங்கே நாம் வைத்த சத்தம்தான் வெளியே வரும்.

1988இல் அகாய் எம்பிசி 60 இதே பதினாறு கட்டையோடு வந்தது. அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளைத் துண்டுபோட்டு அதில் ஏற்றி, தங்கள் இசையை அடித்தார்கள்.

நம்ம கதை வேறு. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்ததற்கே உதை வாங்கிய சேரிகள் உண்டு. "அதான் மெஷின் வந்துடுச்சே, இனி பறை எதுக்குண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. இழவு வேலையை விடணும். அடியை ஏன் விடணும்? நாம விட்டால் இன்னொருத்தன் பதிந்து, அடித்தவன் பெயரில்லாமல் விற்பான். பா. ரஞ்சித் முயற்சியில் உருவான கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் சேர்ந்து நின்றன. அங்கே அது யாருக்கும் ஊழியமில்லை.

இதுக்குக் கோடம்பாக்கம் போக வேண்டாம். இங்கேயே ஒரு அறை, ஒரு மைக், ஒரு கணினி போதும். பறையைத் தீயில் காய்ச்சி, சிம்புக்குச்சி அடியையும் அடிக்குச்சி அடியையும் தனித்தனியே பதியுங்கள். மெதுவாகவும் ஓங்கியும் பதியுங்கள். ஒரே அடியை வைத்தால் உயிரிருக்காது. அடித்தவர் பெயரைக் கோப்பிலேயே எழுதுங்கள். கூலியை அன்றைக்கே கையில் கொடுங்கள்.

அப்புறம் தட்டுங்கள்.