இருட்டு பொதுச் சொத்து!



"பறவையையும் விண்மீனையும் படம் பிடிக்கும் பொழுதுபோக்கில் இன்பம் தருவது தனிமையா, கூட்டமா?" இதுதான் தலைப்பு. கூட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு போடு போட்டார். "நாலு பேர் சேர்ந்து போனா நாரை நிக்குமாய்யா? பறந்துடாதா?" ஐயா, நாரை பறப்பது தலையை எண்ணிப் பார்த்தா? சத்தம் கேட்டுத்தானே! தனியாப் போனவர் சட்டைப் பையிலே செல்போன் அலறினாலும் அது பறக்கத்தான் செய்யும். (சிரிப்பு) நாலு பேர் பேசாம உட்கார முடியுமான்னு கேட்கிறீங்க. முடியும். டி.வி. முன்னாலே தினமும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கோம்! (பலத்த சிரிப்பு)

எங்கள் வீட்டு மொட்டைமாடியைச் சொல்கிறேன். மார்கழி முன்னிரவில் கார்த்திகை மீன்கூட்டத்தைப் படம் எடுப்போம். கேமராவை முக்காலியில் நிறுத்துவது மகன். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால், பூமி சுழல்வதால் புள்ளியாக விழ வேண்டிய மீன் கோடாக விழும். "பத்து விநாடி போதும்ப்பா" என்று கணக்குச் சொல்வதும் அவன்தான். டார்ச் விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டுவது மகள். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக அரைமணி நேரம் ஆகும். வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கார்த்திகை எது என்று கைகாட்டுவது என் மனைவி. சரி, முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு என்ன வேலை? சுக்குக் காப்பி ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு படியேறுவது! (சிரிப்பு) கண்ணுக்கு ஆறாகத் தெரிந்தது படத்தில் பல பத்தாகத் தெரிந்தபோது, நாலு தலையும் அந்தச் சின்னத் திரைமேல் முட்டிக்கொண்டன. அந்த முட்டலுக்குப் பேர்தானய்யா இன்பம்!

அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்றொரு மருத்துவர் இருந்தார். வானம் அவருக்குப் பொழுதுபோக்கு. 1867-இல் ஆன்னா என்ற பெண்ணை மணந்தார். கல்யாணம் ஆன மறுநாள் புதுமணத் தம்பதி எங்கே போனார்கள் தெரியுமா? தொலைநோக்கிக்குக் கண்ணாடி வாங்க! நம்ம ஊர் மாப்பிள்ளை இப்படிக் கூப்பிட்டிருந்தா, பொண்ணு பெட்டியைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கும். (சிரிப்பு) அந்த அம்மா கூடவே நின்று உழைத்தார். 1880 செப்டம்பர் 30 இரவு, ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் ஒளி விழவைத்துப் படமெடுத்தார் டிரேப்பர். நெபுலா ஒன்றின் முதல் புகைப்படம் அதுதான். இரண்டே ஆண்டில், 45 வயதில், அவர் காலமாகிவிட்டார். ஆன்னா என்ன செய்தார்? ஹார்வர்டு வானாய்வகத்துக்குப் பணம் கொடுத்து, கணவர் பெயரால் வேலையைத் தொடரச் செய்தார். இரண்டேகால் லட்சம் விண்மீன்களின் பட்டியல் இன்றும் டிரேப்பர் பெயரோடு நிற்கிறது. சேர்ந்து ரசித்த பொழுதுபோக்கு, ஆள் போன பிறகும் போகவில்லை! (கைதட்டல்)

இன்னொன்று சொல்கிறேன். படம் எடுப்பவர் ஒருவர். எடுக்க விடுபவர் எத்தனை பேர்? சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை பயந்துவிடுமாம்! அங்கே நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு நாரைப் படத்திலும், அந்த ஊர்ப் பிள்ளைகள் கொளுத்தாத சரவெடி இருக்கிறது.

லடாக்கின் ஹான்லே பகுதி, 2022-இல் இருண்ட வான் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. வீட்டு விளக்கு வெளியே சிந்தாதபடி ஊரார் சன்னலுக்குத் திரை போடுகிறார்கள். வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் வானத்தைக் காட்டுவதும் பயிற்சி பெற்ற அந்த ஊர்க்காரர்களே. ஊர் கூடி இருட்டைக் காக்கிறது. உலகம் வந்து படம் எடுக்கிறது.

நகரத்திலே நான் ஒருத்தன் மாடி விளக்கை அணைச்சா வானம் இருட்டிடுமா? எதிர்வீட்டுக்காரர் அணைக்கணும், தெருமுனை விளம்பரப் பலகை அணையணும். காசு இருந்தா வெளிச்சத்தைத் தனியா வாங்கலாம். இருட்டைத் தனியா வாங்க முடியாது. அது பொதுச் சொத்து! (கைதட்டல்) அதை நாம் கூடிக் காக்காததால்தானே, நம் பிள்ளைகள் பால்வீதியைப் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்க்கிறார்கள்?

நடுவர் அவர்களே! தனிமைதான் இன்பம் என்று வாதாடுகிற நண்பரும், ஒரு நல்ல படம் விழுந்ததும் முதலில் என்ன சொல்வார்? "இங்க வந்து பாருங்களேன்!" என்பார். தீர்ப்பை அவரே சொல்லிவிட்டார்; நீங்கள் வழிமொழிந்தால் போதும்.