ஜெர்மானியர் வீட்டில் ஒரு பள்ளியாண்டு



“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஜெர்மானியரிடமும் இதற்கு இணையான பழமொழி ஒன்று உண்டு. மீனும் விருந்தாளியும் மூன்று நாளில் நாறிவிடும் என்பார்கள். அப்படிச் சொல்கிற நாட்டில்தான், முன்பின் அறியாத வெளிநாட்டுப் பிள்ளையை ஒரு பள்ளியாண்டு முழுவதும் வீட்டில் வைத்து, உணவு கொடுத்து, பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்களும் இருக்கின்றன. இதற்கு மாணவர் பரிமாற்றத் திட்டம் என்று பெயர். பெரும்பாலும் 15 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள் இதில் செல்கிறார்கள். நெடுங்காலமாக நடந்துவரும் திட்டங்களில், பிள்ளையை ஏற்கும் குடும்பம் அதற்காகச் சம்பளம் வாங்குவதில்லை.

இது எப்படித் தொடங்கியது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் அமெரிக்காவும் பகை நாடுகள். போர் முடிந்து ஆறு ஆண்டுகளில், 1951-ஆம் ஆண்டில், ஜெர்மன் இளைஞர்கள் சிலர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்று அங்குள்ள குடும்பங்களோடு ஓராண்டு வாழ்ந்தார்கள். ரேச்சல் ஆண்ட்ரசன் என்ற அம்மையார் அந்த முயற்சியில் முன்நின்றார். ‘யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்’ என்ற அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. நேற்றுவரை எதிரியாக இருந்தவன் பிள்ளைக்கு ஒருத்தி தன் வீட்டு மேசையில் தட்டு வைத்தாள். அதுதான் இத்திட்டத்தின் வேர்.

சரி, நம் பிள்ளை ஒன்று அங்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சிக்கல் எங்கே வரும்? சாப்பாட்டு மேசையில் வரும்.

நம் வீடுகளில் யாராவது “இன்னும் கொஞ்சம் சாப்பிடு” என்றால், “வேண்டாம், போதும்” என்போம். அவர்கள் விடமாட்டார்கள். மூன்று முறை வற்புறுத்திய பிறகுதான் தட்டை நீட்டுவோம். அதுவே மரியாதை. ஜெர்மானியர் வீட்டிலோ, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுபடி கேட்டு வற்புறுத்தினால் அதுதான் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் பலர். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ‘டாங்கே’ என்றால் நன்றி என்று பிள்ளை படித்திருக்கும். உணவை நீட்டும்போது வெறும் ‘டாங்கே’ என்று சொன்னால், வேண்டாம் என்று பொருள் கொண்டு பாத்திரத்தை நகர்த்திவிடுவார்கள். நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்த நம் பிள்ளை, பசியோடு படுக்கப் போகும்.

அந்த நாட்டின் இரவுச் சாப்பாடும் நமக்குப் புதிது. ‘ஆபென்ட்ப்ரோட்’ என்பார்கள். மாலை ரொட்டி என்று பொருள். சுடுசோறும் குழம்பும் இல்லை. கெட்டியான ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, குளிர்ந்த இறைச்சித் துண்டுகள். தன்னை அவமதித்து ஆறிய உணவைக் கொடுத்தார்கள் என்று பிள்ளை கலங்கக் கூடாது. அங்கே வழிவழியாக நண்பகல் உணவுதான் சூடானது. அவர்களுடைய ரொட்டிப் பண்பாடு 2014-ஆம் ஆண்டில் அந்நாட்டின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி உண்ணாத பிள்ளை, விண்ணப்பம் எழுதும்போதே அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது, வீட்டு வேலை. பரிமாற்ற மாணவர் அங்கே வீட்டுப் பிள்ளையாகவே நடத்தப்படுகிறார். மேசை துடைப்பதிலும் பாத்திரம் அடுக்குவதிலும் அவருக்கும் பங்கு உண்டு. ஆண் பிள்ளைக்கு விலக்கு இல்லை. பெற்றோர் பராமரிப்பில் வாழும் பிள்ளைகள் தம் வலிமைக்கும் நிலைக்கும் ஏற்ற வீட்டு வேலை செய்யக் கடமைப்பட்டவர்கள் என்று ஜெர்மனியின் குடிமைச் சட்டம் 1619-ஆம் பிரிவிலேயே சொல்கிறது! குப்பை போடுவதும் ஒரு பாடம்தான். காய்கறித் தோல் ஒரு தொட்டி, காகிதம் ஒரு தொட்டி, பொட்டலக் கழிவு ஒரு தொட்டி என்று பிரிக்க வேண்டும். பெரும்பாலான நெகிழிப் புட்டிகளை எறியக் கூடாது. கடையில் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது முன்பணமாகக் கட்டிய 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

குளிர்காலத்தில்கூடச் சன்னலை விரியத் திறந்து சில நிமிடம் காற்று விடுவார்கள். நம்மைக் குளிரில் வாட்டுவதற்காக அன்று. மூச்சிலும் சமையலிலும் எழும் ஈரம் வெளியேறாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மூன்றாவது, நேரம். நாம் ஏழரை என்பதை அவர்கள் ‘ஹால்ப் ஆக்ட்’, அதாவது ‘பாதி எட்டு’ என்பார்கள். எட்டாவது மணியில் பாதி நடந்திருக்கிறது என்று கணக்கு. இதை எட்டரை என்று எண்ணிக்கொண்டு போனால், ஒரு மணி நேரம் பிந்திவிடுவோம். பிந்தி வருவதை அவர்கள் எளிதில் பொறுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அநேகமாகக் கடைகள் அடைத்திருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பதை 1919-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் காத்தது. 1949-இல் வந்த சட்டமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அன்று இரைச்சல் எழுப்பினால் அண்டை வீட்டார் முகம் சுளிப்பார்கள்.

இனிப் பள்ளிக்கு வருவோம். மதிப்பெண் 1 என்று வந்தால் பெற்றோர் பதற வேண்டாம். அங்கே 1 மிகச் சிறந்தது, 6 மிகத் தாழ்ந்தது. ஆனால் பதற வேண்டிய இடம் வேறொன்று உண்டு. வகுப்பில் கை உயர்த்திப் பேசுவதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு. தேர்வில் நன்றாக எழுதிவிட்டு, வகுப்பில் வாய் திறவாமல் இருக்கும் மாணவருக்கு மதிப்பெண் குறையும். அமைதியாக இருப்பதை ஆசிரியர் அடக்கம் என்று எடுத்துக்கொள்ளமாட்டார். பாடத்தில் ஆர்வமில்லை என்று எண்ணிவிடலாம்.

நேயர்களே, இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. டிசம்பர் மாதத்தில் அங்கே காலை 8 மணி சுமாருக்குத்தான் விடியும். மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். மொழி இன்னும் பிடிபட்டிருக்காது. வீட்டு நினைவு வாட்டும். அப்போது அறைக்குள் தனியே அழும் பிள்ளைக்கு உதவ ஆள் இல்லாமல் இல்லை. நல்ல அமைப்புகள், அருகிலேயே பொறுப்பாளர் ஒருவரை ஒவ்வொரு மாணவருக்கும் ஏற்பாடு செய்கின்றன. குடும்பத்தோடு ஒத்துப்போகவே இல்லையென்றால் வேறு குடும்பத்துக்கு மாறவும் வழி உண்டு. ஆனால் பிள்ளை சொன்னால்தானே தெரியும்? “பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாதே, கொடுத்ததை வாங்கிக்கொள், குறை சொல்லாதே” என்று நாம் வளர்த்த பிள்ளை, துன்பத்தையும் அப்படியே விழுங்கிக்கொள்ளும்.

என் வகுப்பில் நாள்தோறும் பார்க்கிறேன். விடை தெரிந்த பிள்ளை தலை குனிந்து அமர்ந்திருக்கிறது. இப்பிள்ளை ஜெர்மனிக்குப் போகாமல் இருக்கலாம். பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கும், விடுதிக்கும், வேலைக்கும் போகத்தானே வேண்டும்? அங்கெல்லாம் இதே சிக்கல்தான் காத்திருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, வாய்ப்பு வரும்போது கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா, பொறுப்பாளர் யார் என்று கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். பெண் பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காகக் கதவை அடைத்துவிடாதீர்கள். வாய்ப்பு வராவிட்டாலும் மூன்று பழக்கங்களை இன்றிரவே தொடங்கலாம். சாப்பிட்ட தட்டை மகனே கழுவட்டும். வேண்டும், வேண்டாம் என்பதை மகள் தெளிவாகச் சொல்லட்டும். “இன்று பள்ளியில் என்ன படித்தாய்?” என்பதோடு, “இன்று ஆசிரியரிடம் என்ன கேட்டாய்?” என்றும் கேளுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவர்களும் நம் பெரியவர்கள்தாம்.