என் பாட்டனார் ஒரு நீர்பாய்ச்சி



சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் வானம் பார்த்த பூமி என்பது நீங்கள் அறிந்ததே. ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு அங்கே இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழையைக் கண்மாய்களில் தேக்கி, அதைக் கொண்டு தை, மாசி வரையில் நெற்பயிரைக் காப்பாற்றுவதே அந்நாட்டு வேளாண்மை. தமிழ்நாட்டில் இத்தகைய ஏரிகளும் கண்மாய்களும் ஏறத்தாழ 39,000 உள்ளன. நாரை பறக்காத 48 மடைக் கண்மாய் என்று மக்கள் பெருமையோடு சொல்லும் இராசசிங்கமங்கலம் கண்மாயும் அவற்றுள் ஒன்று. நீர்நிலைகளை வெட்டுவித்த மன்னர்களின் பெயர்களைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆனால், தேக்கிய நீரைச் சண்டையில்லாமல் வயல்தோறும் பகிர்ந்து கொடுத்தவர் யார்? அவரை எங்கள் பக்கத்தில் நீர்பாய்ச்சி என்பார்கள். வேறு சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள். என் பாட்டனார் அந்தத் தொழிலை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தவர். அவருடைய வாழ்க்கையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மடையைத் திறப்பதும் மூடுவதும் ஒரு பெரிய வேலையா என்று நீங்கள் நினைக்கலாம். பழைய கண்மாய்களின் உட்புறத்தில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் நீருக்கு மேலே தலைநீட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அடியில் இருப்பது குமிழித் தூம்பு. அதன் துளையை மூடியிருக்கும் அடைப்பை எடுத்தால், நீர் கரைக்கு அடியிலுள்ள கற்கால்வாய் வழியாக ஓடி வயற்புறத்தில் வெளிப்படும். கண்மாய் நிறைந்து தளும்பும் கார்த்திகைக் குளிரில் பாட்டனார் நீந்திச் சென்று, தூணைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி அந்த அடைப்பைத் தளர்த்துவார். பிறகு மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாய்க்கால் வழியே நடப்பார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் வேண்டும், எந்த மண் நீரை விரைவில் குடிக்கும், எந்த வரப்பில் நண்டு வளை இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பகலில் நிழலும் இரவில் விண்மீன்களுமே அவருடைய கடிகாரம். அடைமழைக் காலத்தில் இரவு முழுவதும் கரையிலேயே விழித்திருப்பார். ஒரு கண்மாய் உடைந்தால் அந்த வெள்ளம் கீழேயுள்ள கண்மாய்களையும் உடைத்துக்கொண்டு போய்விடும் அல்லவா?

இவ்வளவும் செய்தவருக்கு அந்தக் கண்மாயின் பாசனத்தில் ஒரு குழி நிலமும் இல்லை. பல ஊர்களில் இதை ஒரு முறையாகவே வைத்திருந்தார்கள். நீரைப் பங்கிடுகிறவருக்குச் சொந்த வயல் ஒன்று இருந்தால், அந்த வயலுக்கு வரும்போது அவருடைய கை சற்றுத் தாராளமாகிவிடக் கூடும். ஆகவே நிலமில்லாதவரையே அந்த வேலைக்கு அமர்த்தினார்கள். அவருக்குக் கூலி, அறுவடைக்குப் பின் களத்து மேட்டில் நிலத்தின் அளவுக்கேற்ப அளந்து போடுகிற நெல்தான்.

பாட்டனார் எழுத்தறியாதவர். புராணங்களையும் அவர் படித்ததில்லை. மடைக்கு அருகில், கூரையில்லாத வெட்டவெளியில், ஒரு கல்லும் ஓர் அரிவாளுமாக நின்ற மடைக்கருப்பரே அவருடைய தெய்வம். ஆண்டுதோறும் முதன்முறையாக மடையைத் திறக்கும்போது தேங்காய் உடைத்துச் சூடம் ஏற்றிக் கும்பிடுவார். தனக்கென்று எதுவும் வேண்டிக்கொண்டதாக நான் கேட்டதில்லை. “என்ன கும்பிட்டீர்கள், தாத்தா?” என்று சிறுவயதில் ஒரு முறை கேட்டேன். “நான் திருப்பிவிடுகிற தண்ணீரை எல்லாம் அவர் அளந்துகொண்டே இருக்கிறார். கணக்குத் தப்பக் கூடாது என்று கும்பிட்டேன்” என்றார். அவருடைய பக்தி முழுவதும் அந்த ஒரு பதிலில் அடங்கியிருந்தது.

இந்த இடத்தில் கசப்பான ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். ஊரார் அனைவருடைய வயலுக்கும் நீர் கொண்டு சேர்த்த பாட்டனார், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், சில வீடுகளில் சொம்பைக் கையில் தரமாட்டார்கள். வாசலுக்கு வெளியே அவர் குனிந்து இரு கைகளையும் குவிக்க, மேலிருந்து ஊற்றுவார்கள். 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம், அதன் 17-ஆவது பிரிவில், தீண்டாமையை ஒழித்துவிட்டது. எங்கள் ஊர் வாசல்களுக்கு அந்தச் சட்டம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அந்த வீட்டாரின் வயல்களுக்குப் பாட்டனார் ஒரு நாழிகை நீரைக் கூடக் குறைத்ததில்லை. அதனால் அவர் அந்த அவமதிப்பை ஏற்றுக்கொண்டார் என்று எண்ணிவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாக வந்த மண்வெட்டியை என் தந்தையாரின் கையில் கொடுக்க அவர் மறுத்துவிட்டார். “இது என்னோடு போகட்டும். நீ பள்ளிக்கூடத்துக்குப் போ” என்று சொல்லி, நான்கு மைல் தொலைவிலிருந்த பள்ளியில் தாமே கொண்டுபோய்ச் சேர்த்தார். என் தந்தையார் பிற்காலத்தில் ஆசிரியரானார்.

1982-ஆம் ஆண்டில் பருவமழை ஏமாற்றியது. எங்கள் கண்மாயில் பாதியளவு நீர்கூட இல்லை. ஊர் கூடி முறைத்தண்ணீர் என்று முடிவு செய்தது. பெரிய நிலக்காரராயினும் சிறிய நிலக்காரராயினும், அவரவர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே நீர். வாய்க்காலில் நீர்பாய்ச்சியைத் தவிர வேறு எவரும் மண்வெட்டியோடு இறங்கக் கூடாது. என் அத்தை அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய கணவர் கடைமடையில் சிறிது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்திருந்தார். பயிர் பொதிப் பருவத்தில் நின்றது. அவர்களுடைய முறை வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.

கல்லூரி விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்திருந்த சமயம் அது. ஓரிரவு அத்தை வந்தார். “அப்பா, இந்த ஓர் இரவு மட்டும் தண்ணீரை எங்கள் பக்கம் திருப்பிவிடுங்கள். ஐந்து நாள் பயிர் தாங்காது” என்று அழுதார். பாட்டனார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தாயி, உன் முறை வருகிற நாளில் அரை நாழிகை குறைந்தாலும் என்னை வந்து கேள். இன்றைக்குக் கேட்காதே” என்றார். “பெற்ற மகளுக்கு இல்லாத தண்ணீரா?” என்று அப்பத்தா உள்ளேயிருந்து வெடித்தார். பாட்டனார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்கிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துப் பெரிய நிலக்காரர் ஒருவர் ஆள்வழியாகப் பணம் கொடுத்தனுப்பினார். அந்தப் பணமும் அதே பதிலோடு திரும்பிப் போயிற்று.

ஐந்தாம் நாள் அத்தையின் வயலுக்கு நீர் போயிற்று. ஆனாலும் விளைச்சலில் பாதி சாவியாகிவிட்டது. அந்த ஆண்டு களத்தில் தமக்குக் கிடைத்த நெல் முழுவதையும் பாட்டனார் அத்தையின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான். அத்தை நெல்லை வாங்கிக்கொண்டார். தந்தையோடு முகம் கொடுத்துப் பேச அவருக்கு ஓராண்டு ஆயிற்று. நேர்மைக்கு விலை கொடுத்தவர் பாட்டனார் மட்டுமல்லர். அத்தையும் அப்பத்தாவும் சேர்ந்தே கொடுத்தார்கள். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அவருக்கே பிடிக்காது.

பாட்டனார் மறைந்த பின் எங்கள் ஊரில் அந்த வேலைக்கு வேறு எவரும் வரவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்ட வசதியுள்ளவர்கள் தோண்டிக்கொண்டார்கள்; இல்லாதவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். கண்மாயின் உள்ளே சீமைக்கருவேல மரங்கள் மண்டின. கண்மாயை ஊரே கூடிச் செப்பனிடும் குடிமராமத்து நம் நாட்டின் பழைய வழக்கம். அவ்வுழைப்பைக் கட்டாயமாக்கச் சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினார்கள். 2017-இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, பல கண்மாய்களைத் தூர்வாரச் செய்தது. நல்ல செயலே. ஆனால், மண்ணை அள்ள இயந்திரம் இருக்கிறது. நீரைப் பங்கிடும் இயந்திரம் எங்கே இருக்கிறது? அதற்கு எல்லாருடைய நம்பிக்கைக்கும் உரிய ஒரு மனிதர் வேண்டும். அவருக்கு உரிய ஊதியமும் வேண்டும். நிமிர்ந்து நின்று சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் மதிப்பும் வேண்டும்.

மாணவர்களே! நாளை உங்களில் ஒருவர் மருத்துவமனையில் மருந்து கொடுப்பீர்கள். ஒருவர் விடைத்தாள் திருத்துவீர்கள். ஒருவர் அரசாங்கப் பணத்தை ஏழைகளுக்கு வழங்கும் அலுவலில் அமர்வீர்கள். அவற்றுள் எதுவும் உங்களுக்குச் சொந்தமானதாக இராது. உங்களுக்கு வேண்டியவர் ஒருவர் இரவு நேரத்தில் வந்து முறை தவறிக் கேட்கும் நாளும் கட்டாயம் வரும். அப்போது என்ன பதில் சொல்வது என்பதை இப்பொழுதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.