உறவைத் தனியே எழுதி வைப்போம்
(கருத்தரங்கத் தலைமையுரை)

முத்துக்குளித்துறையான தூத்துக்குடியில் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பைத் தந்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. ஒருவர் தம் ஆவணங்களை உள்ளடக்க முகவரி முறையில் சேமிக்கும்போது, அவற்றுக்கு இடையிலான உறவுகளை எப்படிப் பதிவது என்பதே நம் பொருள்.

இந்த முறையில் கோப்புக்கு நாம் பெயர் வைப்பதில்லை. அதன் பைட்டுகளை ஹாஷ் கணக்கீட்டுக்குக் கொடுத்தால் கிடைக்கும் எண்ணே அதன் முகவரி. எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 பதினறும இலக்கங்கள். கோப்பு எந்த வட்டில் இருந்தாலும் முகவரி மாறாது. ஒரு பைட்டு கெட்டாலும் தெரிந்துவிடும். ஒரே படத்தைப் பலமுறை சேர்த்தாலும் ஒரு பிரதியே நிற்கும். 2002இல் பெல் ஆய்வகத்தார் வெளியிட்ட வென்டி, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட், தனிநபர் சேமிப்புக்கென்றே பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கிய கேம்லிஸ்டோர் (இன்றைய பெர்கீப்) ஆகியவை இந்த வழியில் வந்தவை.

ஆவணத்தைக் காப்பதற்கு வழி கிடைத்துவிட்டது. உறவுதான் சிக்கல். தந்தையைப் பற்றிய குறிப்பில் மகனைப் பற்றிய குறிப்பின் முகவரியை எழுதலாம். பிறகு மகனின் குறிப்பில் தந்தையின் முகவரியைச் சேர்த்தால், மகனின் குறிப்பு மாறி அதன் முகவரியும் மாறிவிடும்; தந்தையின் குறிப்பில் இருப்பது பழைய முகவரியாகிவிடும். இரண்டு ஆவணங்கள் ஒன்றையொன்று சுட்ட முடியாது. வாழ்க்கையிலோ உறவுகள் எப்போதும் இருபக்கம் கொண்டவை.

பெர்கீப் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. தற்செயல் எண் ஒன்றை ஏந்திய, கையொப்பமிட்ட சிறு ஆவணத்தை முதலில் உருவாக்குகிறது. அதை நிலைக்கணு என்று சொல்வோம். "இந்தக் கணுவின் தலைப்பு இது", "இது அந்தத் தொகுப்பில் சேர்ந்தது" என்பவை தனித்தனிக் கூற்றுகள். ஒவ்வொரு கூற்றிலும் சொன்னவரின் மின்கையொப்பமும் நாளும் உண்டு. திருத்த வேண்டுமா? புதிய கூற்றைச் சேர்க்கிறோம், பழையது அழிவதில்லை. இதில் ஓர் அறிவுநெறி இருப்பதாக நான் உறுதியாக நம்புகிறேன். உறவு என்பது ஒருவர் ஒரு நாளில் சொன்ன சாட்சியம். சொன்னவரையும் நாளையும் விட்டுவிட்டு உறவை மட்டும் பதிந்தால் அது அரைகுறைப் பதிவு.

இந்த ஊரே அதற்குச் சான்று. தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; பின் சிதம்பரனார் மாவட்டமானது; 1997இல் அந்த மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானது. துறைமுகம் 2011இல் வ.உ.சி.யின் பெயரைப் பெற்றது. ஒரு பழைய நிலப்பத்திரத்தில் "திருநெல்வேலி மாவட்டம்" என்றிருப்பது பிழையன்று; அந்த நாளின் உண்மை. சங்கும் அப்படியே. நம் கடலின் வலம்புரியும் இடம்புரியும் ஒரே உயிரினம். அதை ஆய்வு நூல்கள் டர்பினெல்லா என்றும் ஸாங்கஸ் என்றும் வெவ்வேறு காலங்களில் எழுதியுள்ளன. உயிரினத்துக்கு ஒரு கணு, ஒவ்வொரு பெயருக்கும் நாளிட்ட ஒரு கூற்று என்று வைத்தால் எந்த நூலும் பொய்யாகாது.

இன்னும் முக்கியமான ஒன்று. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்களைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னல் 1905இல் அறிக்கை தந்தார். அது அதிகாரியின் பார்வை. அதே பாரில் மூச்சடக்கி இறங்கிய குளியாளியின் பார்வை பெரும்பாலும் எழுத்தில் ஏறவில்லை. இந்தக் கரையில் கடைசிச் சலாபம் (முத்துக்குளிப்பு) நடந்தது 1961இல். அன்று இருபது வயதில் குளித்தவர் இன்று எண்பதைத் தாண்டியவர். அவர் பேச்சைப் பேரன் கைபேசியில் பதிந்து சேமிக்கட்டும். "இந்தப் பாரைத்தான் தாத்தா சொல்கிறார்" என்று தம் கையொப்பத்தோடு எழுதட்டும். அதிகாரியின் கூற்றும் குளியாளியின் கூற்றும் அருகருகே, சம மதிப்போடு நிற்கும். ஒன்று மற்றொன்றை அழிக்காது.

தமிழுக்கென்று தனிக் கவனமும் தேவை. கொற்கை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். யுடிஎஃப்-8இல் முதல் வகையில் அந்தச் சொல் 18 பைட்டு, இரண்டாம் வகையில் 21 பைட்டு. கண்ணுக்கு ஒரே சொல், ஹாஷுக்கு இரண்டு. நாமே எழுதும் குறிப்புகளைச் சேமிக்கும் முன் என்எஃப்சி முறையில் இயல்பாக்க வேண்டும். பிறர் தந்த மூலக்கோப்பை ஒரு பைட்டும் மாற்றாமல் வைத்து, "இவ்விரண்டும் ஒரே பாடம்" என்பதைக் கூற்றாகச் சேர்க்க வேண்டும்.

அமர்வுகளின் முன் மூன்று பணிகளை வைக்கிறேன். முதலாவது, உறவு வகைகளுக்கு ஒரு தமிழ்ச் சொற்றொகுதி: சித்தப்பாவும் மாமாவும் ஒரே சொல்லில் அடங்கிவிடக் கூடாது. இரண்டாவது, முகவரியோடு ஹாஷ் முறையின் பெயரையும் எழுதும் வழக்கம்: எஸ்எச்ஏ-1 முறையில் ஒரே ஹாஷ் கொண்ட இரு வேறு கோப்புகளை 2017இல் ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டிய பிறகு இதைத் தள்ளிப்போட இடமில்லை. மூன்றாவது, நீக்கும் உரிமை. ஒரு மூதாட்டி தம் படத்தை எடுத்துவிடச் சொன்னால், "நீக்கப்பட்டது" என்ற கூற்று மட்டும் போதாது. படத்தின் பைட்டுகளும் எல்லாப் பிரதிகளிலிருந்தும் போக வேண்டும். அழியாமையைப் பெருமையாகக் கொண்ட முறைக்கு இது கடினமான சோதனை. அதற்கான வரைவு விதிகளையேனும் இந்த அவை எழுதித் தர வேண்டும்.

இவற்றை நிறைவேற்றும் ஆற்றல் இங்கே வந்திருக்கும் இளைஞர்களிடம் உண்டு. அந்த நம்பிக்கையோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.